சிங்கோனியம் மோகனம் பாடுமா?

வீணைத்திண்ணை (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். நான் திருவானைக்காவலில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வீணை சொல்லிக்கொடுத்து வருகிறேன். எங்கள் கூடத்தில் கிழக்கு ஜன்னலோரம் ஒரு சிங்கோனியமும் இரண்டு மணிபிளாண்ட் கொடிகளும் இருக்கின்றன. விடியற்காலையில் நான் சாதகம் செய்ய உட்காரும் பலகைக்கும் அவற்றுக்கும் இரண்டு முழம்தான் இடைவெளி. சிங்கோனியம் என் மூத்த மாணவி ஒருத்தி திருமணமாகிப் போகும்போது ஒரு கணுவை வெட்டி, பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டுப் போனது. வீட்டிலுள்ள மற்ற செடிகளைவிட இது மட்டும் தளதளவென்று இருப்பதற்கு வீணைதான் காரணம் என்று வருகிறவர்கள் எல்லோரும் சொல்வார்கள். கேட்க நன்றாக இருந்ததால் நானும் மறுத்ததில்லை.

சென்ற மாதம் விடுமுறைக்கு வந்த என் மகன் ஒரு சிறு கருவியைக் கொண்டுவந்தான். ஈசிஜி எடுக்கும்போது மார்பில் ஒட்டுவார்களே, அதுபோன்ற இரண்டு பிசின் ஒட்டுகளை இலையில் ஒட்டிவிட்டால் கைப்பேசியில் இசை வருகிறது. முதல் நாள் இரவு நான் கேட்டது மோகன ராகம். எனக்கு அதில் சந்தேகமே இல்லை; அந்த ராகத்தில் இடமில்லாத மத்யமமும் நிஷாதமும் தப்பித்தவறிக்கூட எட்டிப் பார்க்கவில்லை. எத்தனையோ பிள்ளைகள் தப்பும் தவறுமாக மோகன வர்ணம் வாசித்த கூடம் இது என்பதை நினைத்துப் பார்த்தேன், கண் கலங்கிவிட்டது.

மறுநாள் காலையில் ஈரத்துணியால் இலையைத் துடைத்தபோது சுரங்கள் மளமளவென்று கொட்டின, துணியை எடுத்ததும் அடங்கிவிட்டன. அதற்குக் கூசுகிறதோ, வலிக்கிறதோ என்று கையை எடுத்துவிட்டேன். அன்றிலிருந்து பழுத்த இலையைக் கிள்ளக்கூடக் கை வரவில்லை. இது செடியின் குரல்தானா என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும். மனம் நோகாமல் சொல்ல வேண்டும் என்று நான் கேட்கவில்லை.

கம்பிவேலை

அம்மா, நான் கோவையில் ஒலிக்கருவிகளைப் பழுது பார்க்கும் தொழில் செய்கிறேன். அந்தக் கருவி செய்வது மிக எளிய வேலை. இரண்டு ஒட்டுகளுக்கும் நடுவே மிகச் சிறிய மின்னோட்டத்தைச் செலுத்தி, இலை அதை எவ்வளவு எளிதாகக் கடத்துகிறது என்பதை ஓயாமல் அளந்துகொண்டே இருக்கிறது. இலையின் ஈரம், வெயில், அறையின் வெப்பம், உங்கள் கை படுவது ஆகிய எல்லாவற்றாலும் அந்த அளவு ஏறி இறங்கும். இது வரைக்கும் செடியின் பங்கு உண்மையானது. அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் மென்பொருளின் வேலை. ஏறி இறங்கும் எண்களை எந்தச் சுரத்தில் ஒலிக்கச் செய்வது, எந்த வாத்தியத்தின் குரலைக் கொடுப்பது என்பதை அதை எழுதியவர் முன்கூட்டியே தீர்மானித்துவிடுகிறார். ஐந்து சுரங்களை மட்டும் அனுமதித்தால் எந்தச் சுரத்துக்குப் பின் எந்தச் சுரம் வந்தாலும் காதுக்கு உறுத்தாது என்பதால்தான் அவர் அந்த ஐந்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். செயலியின் அமைப்புகளுக்குள் போய் 'மேஜர்' என்றிருப்பதை 'மைனர்' என்று மாற்றிப் பாருங்கள், அதே சிங்கோனியம் அடுத்த நொடியே சுத்த தன்யாசி ராகம் வாசிக்கும். மோகனம் தெரிந்தவர் செடியல்ல, மென்பொருள் எழுதியவர். அவருக்கும் அதன் பெயர் தெரிந்திருக்காது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஒட்டுகளை எடுத்து, நறுக்கி வைத்த காய் ஏதாவது ஒன்றில் ஒட்டிப் பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள்.

இந்தக் கதை புதிதல்ல. 1966-இல் நியூயார்க்கில் கிளீவ் பாக்ஸ்டர் என்ற பொய்யறியும் கருவி வல்லுநர், தம் அலுவலகத்தில் இருந்த டிரசீனா செடியில் அந்தக் கருவியை மாட்டிப் பார்த்தார். இலையைக் கொளுத்தலாம் என்று தாம் மனத்தில் நினைத்த மாத்திரத்தில் முள் துள்ளியதாகச் சொன்னார். உலகமே பரபரத்தது. செடி பிற உயிர்களின் துன்பத்தை உணர்கிறது என்ற அவருடைய கூற்றை 1975-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தார் கவனமாகத் திரும்பச் செய்து பார்த்தபோது அப்படி எதுவும் கிடைக்கவில்லை. ஆனாலும் முதலில் பரவிய செய்திக்குக் கிடைத்த ஆயுள் இரண்டாவதற்குக் கிடைக்கவில்லை.

வீணைத்திண்ணை

நீங்கள் சொன்னபடி செய்து பார்த்துவிட்டேன். சாம்பாருக்கு நறுக்கி வைத்திருந்த முருங்கைக்காய்த் துண்டில் ஒட்டினேன், அதுவும் மோகனம்தான். கொஞ்சம் விளம்ப காலத்தில் வாசித்தது, அவ்வளவே வித்தியாசம். தனியாக உட்கார்ந்து வெகுநேரம் சிரித்தேன். ஆனாலும் ஏதோ ஒன்று கைநழுவிப் போனது போல இருக்கிறது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

தில்லைவனம்

தாவரவியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் கொஞ்சம் நீளமாகவே எழுத அனுமதி கேட்கிறேன். நான் எழுபதுகளில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தவன்.

செடிக்கும் இசைக்கும் உள்ள உறவைப் பற்றி இன்று உலகில் யார் பேசினாலும் அந்தப் பேச்சு ஒருமுறையாவது சிதம்பரத்தைத் தொட்டுவிட்டுத்தான் போகும். அங்கே தாவரவியல் துறைத் தலைவராக இருந்த டி.சி.என். சிங் 1950-களில் நீர்ச்செடியான ஹைடிரில்லாவின் இலையை நுண்ணோக்கியின் கீழ் வைத்து, அருகில், தட்டினால் ஒரே சுரத்தில் ஒலிக்கும் இசைக்கவையை அதிரவிட்டு, உயிரணுவுக்குள் பசும்புள்ளிகள் வேகம் கூடிச் சுற்றுவதைப் பார்த்ததாக எழுதினார். பிறகு அதை மாயாமாளவகௌளை ராகம் கேட்கவைத்தார். காசித்தும்பைச் செடிகளுக்கு நாள்தோறும் வீணை வாசிக்கச் செய்தார். இசை கேட்ட செடிகள் மற்றவற்றைவிட 20 சதவீதம் கூடுதல் உயரம் வளர்ந்தன என்பது அவர் அறிவித்த கணக்கு. நான் சேர்ந்த காலத்தில் இதெல்லாம் முடிந்துபோய், மூத்த ஊழியர்கள் தேநீர் நேரத்தில் சொல்லும் கதையாக மாறியிருந்தது.

அந்தச் சோதனைகளை நான் நம்புகிறேனா என்று மாணவர்கள் கேட்பார்கள். ஓரிடத்தில்தான் எனக்குக் காது நிமிரும். சலங்கையும் பாட்டும் இல்லாமல் பரதநாட்டியம் மட்டும் ஆடவைத்து, காலைத் தட்டி ஆடும் தட்டடவின் அதிர்வு தரை வழியாகப் போய்ச் சேர்ந்த செடிகள் முன்னதாகவே பூத்தன என்றும் அவர் தரப்பில் சொல்லப்பட்டது. மற்றக் கணக்குகளை எல்லாம் தள்ளிவைத்தாலும், செடிக்கு எட்டுவது இசையா அதிர்வா என்று பிரித்துப் பார்க்கத் தோன்றியதே, அந்தக் கேள்வி சரியான கேள்வி.

எண்பதுகளில் என் மாணவர்களை வைத்து இதை நானே செய்துபார்த்தேன். நான்கு தொட்டி அவரைச் செடிக்கு டேப்ரெக்கார்டர், நான்கு தொட்டிக்கு அமைதி. ஆறு வாரத்தில் பாட்டுக் கேட்ட அவரைதான் உயரம், வகுப்பே ஆரவாரம் செய்தது. பிறகுதான் விசாரித்தேன். டேப்ரெக்கார்டரைப் போட ஒரு மாணவி தினமும் அந்த அறைக்குப் போக வேண்டியிருந்தது. போனவள் சும்மா திரும்பவில்லை. மண்ணைத் தொட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் ஒரு குவளை தண்ணீர் ஊற்றி, தொட்டியை வெளிச்சத்தின் பக்கம் திருப்பி வைத்து, இலையடியில் இருந்த மாவுப்பூச்சியைத் துடைத்திருக்கிறாள். அமைதி அறைக்கு வாரம் இருமுறைதான் ஆள் போனது. எதற்கு மதிப்பெண் கொடுப்பது, ராகத்துக்கா அந்தப் பெண்ணின் கைக்கா? திருவானைக்காவல் அம்மையார் வீட்டுச் சிங்கோனியத்தின் தளதளப்புக்கும் இதுவே என் பதில்: கிழக்கு வெயில், இரண்டு முழத் தூரம், தினமும் விடியற்காலையில் அதன் எதிரே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கும் இரண்டு கண்கள்.

நான்காம்மாடி

ஐயா, அப்படியானால் செடிக்கு ஒலி என்பதே ஒரு பொருட்டில்லை என்று எடுத்துக்கொள்ளலாமா? சென்னையில் நான்காவது மாடியில் என் தக்காளிச் செடிக்கு அன்றாடம் பண்பலை வானொலி வைக்கிறேன். பூவெல்லாம் பூக்கிறது, ஒன்றுகூடப் பிஞ்சு பிடிக்காமல் உதிர்ந்துவிடுகிறது. வானொலியை அணைத்துவிடட்டுமா?

தில்லைவனம்

தம்பி, வானொலி உங்களுக்காக இருக்கட்டும். ஆனால் ஒலி பொருட்டில்லை என்று நான் சொல்லவில்லை. செடிக்குப் பொருட்டான ஒலிகள் வேறு என்கிறேன்.

2014-இல் மிசௌரி பல்கலைக்கழகத்தில் ஹெய்டி ஆப்பலும் ரெக்ஸ் காக்ராப்டும், முட்டைக்கோசுப் புழு ஒன்று கடுகினச் செடியின் இலையை மெல்லும்போது இலையில் எழும் நுண்ணிய அதிர்வை லேசர் கொண்டு பதிவுசெய்தார்கள். பிறகு புழுவே இல்லாமல் அந்த அதிர்வை மட்டும் வேறு செடிகளின் இலைகளுக்குக் கொடுத்தார்கள். அந்தச் செடிகள் பின்னர் உண்மையான புழு கடித்தபோது காரப் பொருளைக் கூடுதலாகச் சுரந்தன. காற்றின் அதிர்வுக்கும் வேறொரு பூச்சி துணையை அழைக்கும் பாட்டின் அதிர்வுக்கும் அவை அப்படிச் செய்யவில்லை. பகைவனின் பல் ஓசையை இலை பிரித்தறிகிறது. 2019-இல் டெல் அவிவில் லிலாக் ஹதனி குழுவினர், அந்திப்பூ வகையொன்றின் அருகே தேனீயின் ரீங்காரத்தை ஒலிக்கவிட்டபோது மூன்று நிமிடங்களுக்குள் பூந்தேனில் சர்க்கரைச் செறிவு கூடியதைக் கண்டார்கள். விருந்தாளி வாசலில் வரும் சத்தம் கேட்டுப் பாயசத்தில் இன்னொரு கரண்டி வெல்லம் போடுவது மாதிரிதான்.

உங்கள் தக்காளிக்கு வருகிறேன். தக்காளி, கத்தரி இவற்றின் மகரந்தப் பைகள் மூடிய குழாய் போன்றவை. கத்தரியில் நுனியில் ஊசித்துளைதான் இருக்கும், உப்புச்சிமிழைக் குலுக்குவது போலக் குலுக்கினால்தான் தூள் கொட்டும். நம் ஊரில் மரத்தைத் துளைக்கும் கருவண்டு அந்தப் பூவைக் கால்களால் இறுகப் பற்றிக்கொண்டு, சிறகை விரிக்காமல் மார்புத் தசையை மட்டும் அதிரவைக்கும். கவனித்தால் அந்த நொடியில் அதன் குரல் திடீரென்று கூர்மையாவது கேட்கும். தேனீக்கு இந்த வித்தை தெரியாது. நான்காம் மாடிக்குக் கருவண்டும் வராது, காற்றும் கிரில் கம்பியோடு நின்றுவிடும். அதனால் பூ மலர்ந்த நாளில் முற்பகலில், பள்ளி ஆய்வகத்தில் இருப்பது போன்ற இசைக்கவை ஒன்றை ரப்பரில் தட்டி, காம்பின்மேல் மென்மையாகத் தொட்டுப் பிடியுங்கள். அருகில் காட்டினால் போதாது, தொட வேண்டும்.

வீணைத்திண்ணை

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். அந்த வண்டு எந்தச் சுருதியில் ரீங்கரிக்கும்?

கம்பிவேலை

வண்டுக்கு வண்டு மாறும், பொதுவாக நொடிக்கு 100 முதல் 400 அதிர்வுகள். பெண்கள் பாடும் ஐந்து கட்டைச் சுருதியில் ஷட்ஜம், அதாவது 'ஸ', ஏறத்தாழ 196 அதிர்வுகள். ஆகவே உங்கள் மாணவிகளின் சுருதியும் வண்டின் சுருதியும் ஒரே தெருவில்தான் குடியிருக்கின்றன.

பின்வரிசை

பிரித்தறிவது, சுரப்பது எல்லாம் சரி. அம்மையார் கேட்டது அதுவல்லவே? செடியோடு நமக்கு ஓர் ஒட்டுதல் இருக்கிறதே, அதற்கு அடிப்படை உண்டா இல்லையா என்பதுதானே கேள்வி?

2020 ஜூன் 22 அன்று பார்சிலோனாவின் லிசேயு இசையரங்கு பொதுமுடக்கத்துக்குப் பிறகு திறக்கப்பட்டபோது, 2,292 இருக்கைகளிலும் ஆளுக்குப் பதிலாக ஒவ்வொரு தொட்டிச் செடியை வைத்தார்கள். நான்கு பேர் கொண்ட தந்திவாத்தியக் குழு பூச்சீனி இயற்றிய ஓர் இரங்கல் இசையை அவற்றுக்கு வாசித்தது. ஏற்பாடு செய்தவர் யூகேனியோ அம்புதியா என்ற காட்சிக்கலைஞர். வாசித்து முடித்ததும் குழுவினர் எழுந்து நின்று இலைகளுக்குத் தலை வணங்கினார்கள். காணொளியைப் பார்த்து எங்கள் வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள், எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் செடிகள் பிறகு மருத்துவமனை ஊழியர்களுக்குக் கொடுக்கப்பட்டன. ஊரே அடைந்து கிடந்த நாட்களில் என் வீட்டிலும் பேச்சுத்துணைக்கு இருந்தது ஒரு கற்பூரவல்லிதான். அதற்குக் கேட்டதா என்று நான் ஒருநாளும் சோதித்துப் பார்க்கவில்லை. நாய்க்குட்டியிடம் பேசுகிறவர்கள் எல்லாம் அதற்கு இலக்கணம் புரிகிறதா என்று சோதித்துவிட்டா பேசுகிறார்கள்?

நெறியாளர்

வாடிய பயிர் பற்றிய வள்ளலார் வரியை மட்டும் தனியே ஒட்டியிருந்த ஐந்து பதிவுகளை நீக்கியிருக்கிறேன். வரியின்மேல் குறையில்லை, விவாதத்தில் அதற்கு மேலும் ஒரு வாக்கியமாவது எழுதுங்கள் என்பதுதான் கோரிக்கை.

புன்னைநிழல்

நெறியாளருக்குப் பயந்து விளக்கத்தோடு வருகிறேன். நற்றிணையின் 172-ஆம் பாட்டில், சிறுமிகள் வெண்மணலில் புதைத்து விளையாடி மறந்துபோன புன்னை விதை முளைத்துவிடுகிறது. நெய்யும் பாலும் ஊற்றி அதை வளர்க்கிறார்கள். உங்களைவிடச் சிறந்தவள் இவள், உங்களுக்குத் தங்கை முறை என்று தாய் சொல்லிவைக்கிறாள். பெண் வளர்ந்து காதலனோடு அந்த மர நிழலில் நிற்க நேர்ந்தபோது, தங்கை பார்த்துக்கொண்டிருக்கும் இடத்தில் உன்னோடு சிரித்துப் பேச எங்களுக்கு நாணமாக இருக்கிறது என்று அவள் தோழி சொல்கிறாள். மரம் பேசவில்லை, பாடவில்லை, எந்தக் கருவியும் அதில் மாட்டப்படவில்லை. அது அங்கே நிற்கிறது என்பதே போதுமானதாக இருக்கிறது. பின்வரிசை நண்பர் கேட்ட ஒட்டுதலுக்கு நம்மிடம் உள்ள மிகப் பழைய சாட்சிகளில் இது ஒன்று.

இன்னொன்று. தொல்காப்பியம் புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிர் என்கிறது என்பது பள்ளிக்கூடத்தில் படித்தது. அந்த ஓரறிவு எது என்பதை நாம் மறந்துவிடுகிறோம். அது உற்றறிவது, அதாவது தொடு உணர்வு. செவியறிவு அந்த வரிசையில் எங்கோ பின்னால், ஐந்தாவதாகத்தான் வருகிறது. பேராசிரியர் ஐயா சொன்ன தட்டடவும் புழுவின் பல்லும் வண்டின் பிடியும் எல்லாமே தொடுதல்தானே?

அரைச்செவி

நான் இதுவரை இங்கே எதுவும் எழுதியதில்லை, மேலே உள்ள பதிவைப் படித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை. பன்னிரண்டு வயதில் வந்த காய்ச்சலுக்குப் பிறகு எனக்கு இடது காது முற்றிலும் கேட்காது, வலது காதில் கருவி வைத்தால் பேச்சு மட்டும் ஓரளவு விளங்கும். பாட்டு எனக்குக் கரகரவென்ற இரைச்சல்தான். வீட்டில் யாராவது பாட்டு வைத்தால் நான் ஒலிபெருக்கிப் பெட்டியின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொள்வேன். தவில் என்றால் மணிக்கட்டு வரை வரும், நாதசுரம் விரல் நுனியோடு நின்றுவிடும்.

அந்தப் பெட்டியின்மேல் ஒரு பீஸ் லில்லித் தொட்டி இருக்கிறது. ஒருநாள் கை வைக்க இடமில்லாமல் தொட்டியைப் பிடித்துக்கொண்டேன். தவில் அதன் வழியாகவும் வந்தது. இலைகள் நடுங்கியது கண்ணுக்குத் தெரியவில்லை; இலைக்காம்பை இரண்டு விரலால் பிடித்தபோது தெரிந்தது. இந்த வீட்டில் நான் கேட்கும் விதத்தில் கேட்கிற இன்னொரு ஜீவன் இருக்கிறது என்று அன்று தோன்றியது. அதற்கு அது இசையா என்று எனக்குத் தெரியாது. எனக்கும் அது நீங்கள் எல்லோரும் சொல்லும் இசையா என்று தெரியாது.

கம்பிவேலை

சகோதரி, உங்கள் பதிவை மூன்று முறை படித்தேன். முருங்கைக்காய்ச் சோதனையைச் சொல்லிக்கொடுத்துவிட்டு நான் பெருமையாக உட்கார்ந்திருந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

டார்வின் மண்புழுக்களைப் பற்றி 1881-இல் வெளியிட்ட நூலில் ஒரு சோதனை வருகிறது. தொட்டிகளில் இருந்த புழுக்களுக்கு அருகே பஸ்ஸூன் என்ற ஊதுகருவியை வாசித்தார்கள், பியானோ வாசித்தார்கள், கத்தினார்கள். புழுக்கள் சட்டை செய்யவில்லை. பிறகு தொட்டிகளைப் பியானோவின் மேலேயே தூக்கி வைத்து, கீழ் ஸ்தாயியில் ஒரு சுரத்தை அழுத்தியதும் அவற்றில் இருந்த இரண்டு புழுக்களும் வளைக்குள் பாய்ந்தன. காற்றில் வந்தது எட்டவில்லை, மரத்தில் வந்தது எட்டியது.

எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு தகவலும் உண்டு. டெல் அவிவ் குழுவினர் 2023-இல் தக்காளி, புகையிலைச் செடிகளிலிருந்து வரும் ஒலிகளைப் பதிவுசெய்தார்கள். தண்ணீர் இல்லாமல் காயும் செடி மணிக்கு 30 முதல் 50 முறை 'டிக்'கென்று ஒலிக்கிறது. நலமாக உள்ள செடி மணிக்கு ஒருமுறைகூட ஒலிப்பதில்லை. அலைவெண் 40 முதல் 80 கிலோஹெர்ட்ஸ் என்பதால் 20-க்கு மேல் கேட்காத நம் காதுக்கு எட்டாது. தண்ணீர் ஏறும் குழாய்களில் காற்றுக்குமிழி உடைவதால் அது வரலாம் என்று கருதுகிறார்கள். அலறல் என்று செய்தித்தாள்கள் எழுதின. எனக்கென்னவோ அது நெட்டி முறிப்பது போலத்தான் படுகிறது. வேண்டுமென்று எழுப்பும் குரல் அல்ல, ஆனாலும் உடம்பின் நிலையைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

வீணைத்திண்ணை

கருவியின் ஒட்டுகளைக் கழற்றிவிட்டேன். பழுத்த இலைகளையும் இன்று கிள்ளிவிட்டேன். கம்பிவேலைத் தம்பிக்கு அந்தக் கருவி பிரித்துப் பார்க்க உதவும் என்றால் தனிமடலில் முகவரி அனுப்பவும், கூரியரில் அனுப்பிவைக்கிறேன்.

மொட்டைமாடியில் ஒரு கத்தரிச் செடி இருக்கிறது. பேராசிரியர் ஐயா சொன்னபடி 256 என்று அதிர்வெண் பொறித்த இசைக்கவையை வாங்கிவந்து, ரப்பர் செருப்பில் தட்டிப் பூக்காம்பில் தொட்டேன். மஞ்சள் தூள் என் கட்டைவிரல் நகத்தின்மேல் பொடிப்பொடியாக விழுந்தது. ஐந்து பூக்களில் மூன்றின் காம்பு இப்போது தடித்து நிற்கிறது. கருவண்டு வந்துபோனதோ என்னவோ, இசைக்கவையால்தான் என்று சாதிக்க மாட்டேன். அவரைச் செடிக் கதையைப் படித்த பிறகு வாயை அடக்கக் கற்றுக்கொண்டேன்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். அரைச்செவி எழுதியதைப் படித்தபின், சிங்கோனியத் தொட்டியை ஜன்னல் விளிம்பிலிருந்து இறக்கி, நான் வீணையோடு உட்காரும் அதே மரப்பலகையின் ஓரத்தில் வைத்தேன். மாலை வகுப்புக்கு வரும் எட்டு வயதுப் பெண்ணிடம், நான் வாசிக்கிறேன், நீ தொட்டியைப் பிடித்துக்கொண்டு என்ன தெரிகிறது என்று சொல் என்றேன். இரண்டு கைகளாலும் அணைத்தாற்போலப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். வர்ணத்தின் பல்லவி, அனுபல்லவி முடிந்து முத்தாயி சுரமும் ஆனது. வாய் திறக்கவில்லை. கடைசியில் கண்ணைத் திறந்து, "டீச்சர், இதுக்கு மந்தர ஸ்தாயி மட்டும்தான் கேக்குது, மேல போறப்போ எல்லாம் இது சும்மா உக்காந்திருக்கு" என்றாள்.